ஒத்தக் காலா, ரெண்டு காலா?

அப்பாவின் காலில் சாக்ஸ் பதிந்த தடத்தை எட்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்றால் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் அவர் 26 வருஷம் வேலை செய்தார். ஷிப்ட் முடிந்து லோக்கல் ரயிலில் பொன்னேரி வந்து இறங்கி, வீட்டுப் படியில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவைக் கழற்றுவார். சாக்ஸை உருவினால் கணுக்காலுக்கு மேலே, ரப்பர் பேண்ட் போட்டு எடுத்த மாதிரி ஒரு வளையம் பள்ளமாக இருக்கும். காலையில் மறைந்துவிடும். 2018 வாக்கில் அது காலையிலும் மறையாமல் இருக்க ஆரம்பித்தது. செருப்பு வார் இறுக்குகிறது என்று பிளேடால் அறுத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். அம்மா, "நின்னுகினே இருந்தா நீர் எறங்கத்தான் செய்யும்" என்று வெந்நீரில் கல்லுப்பு போட்டு வைத்தாள்.

தெருமுனை கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை?"

"மில்லுல சார். நின்னுகினேதான்."

"அதான்."

அந்த 'அதான்' எங்கள் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது தீர்ந்ததும் மெடிக்கல் ஷாப்பில் நாங்களே வாங்கிக்கொண்டோம். அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், தளர்ந்த இதயத்தை இன்னும் தளர்த்தும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அதற்குள் அப்பா கட்டிலை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்க ஆரம்பித்திருந்தார். கேட்டால், "ரூம்ல புழுக்கமா கீதுப்பா" என்பார்.

ஒரு ராத்திரி அந்த நாற்காலியிலும் மூச்சு விட முடியவில்லை. சென்னையில் அரசு மருத்துவமனை. டியூட்டியில் இருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. குனிந்து, அப்பாவின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். விரலை எடுத்தபோது பிசைந்த மாவில் பதிந்தது போலக் குழி அப்படியே நின்றது. இன்னொரு காலிலும் அழுத்தினார். அங்கேயும் குழி.

"ரெண்டு காலும் இப்படித்தானா? எத்தனை நாளா?"

நான் மனசுக்குள் சாக்ஸ் தடத்தை எண்ணிப் பார்த்தேன். எட்டு மாதம். வாயில் வந்தது, "கொஞ்ச நாளா மேடம்."

எக்கோ எடுத்தார்கள். இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ள வேண்டிய அளவில் பாதியைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. அப்பா பிழைத்தார். இன்னும் இருக்கிறார். ஆனால் அந்தக் குழி எனக்குள் மூடவில்லை. ஒரு கால் என்னென்ன சொல்லும், அதை முதலில் யார் கேட்டார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிந்தது. காலின் வரலாறு பெரும்பாலும் உழைத்தவர்களின் வரலாறு: சிப்பாய்கள், கூலிகள், வண்டிக் குதிரைகள், நின்றபடி வேலை செய்தவர்கள்.

*

முதலில் அந்தக் குழி. இதயம் தளரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடம்பில் தண்ணீர் பத்தவில்லை என்று சிறுநீரகம் தப்பாகப் புரிந்துகொண்டு, உப்பையும் நீரையும் சேமிக்கத் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் வழியில் தேங்குகிறது. சிரைகளில் அழுத்தம் ஏறி, நுண்குழாய்களின் சுவரைத் தாண்டி நீர் கசிகிறது. நிற்கிறவனுக்கு அது காலில்தான் போய்ச் சேரும். குழி விழும் அளவுக்கு வீங்குவதற்குள் உடம்பு சில லிட்டர் நீரைச் சேர்த்து வைத்திருக்கும். ராத்திரி படுத்ததும் அதே நீர் ரத்தத்துக்குத் திரும்பி நுரையீரலை நெருக்கும். அப்பா நாற்காலியில் தூங்கியது புழுக்கத்தால் இல்லை.

பழைய வைத்தியர்களுக்கு இந்த வீக்கம் நன்றாகத் தெரியும். நம்மூர் சித்த மருத்துவம் இதைச் சோபை என்று பாண்டோடும் காமாலையோடும் சேர்த்துச் சொல்லும். ஐரோப்பாவில் அது ஒரு தனி நோய். வீக்கமே நோய் என்று நினைத்தார்கள். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் 1775-ல் ஒரு குடும்ப மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி ரகசியமாக வைத்திருந்த மூலிகைக் கலவை அது. மற்றவர்கள் கைவிட்ட வீக்கத்தையும் அது வடித்தது. அதில் இருந்த 20-க்கும் மேற்பட்ட மூலிகைகளில் வேலை செய்வது ஃபாக்ஸ்க்ளோவ் செடிதான் என்று விதரிங் கண்டுபிடித்து, பத்து வருஷம் நோயாளிகளிடம் அளந்து அளந்து கொடுத்துப் பார்த்து, 1785-ல் புத்தகம் போட்டார். அந்தச் செடிக்கு இதயத்தின் ஓட்டத்தின் மேல் ஒரு பிடி இருக்கிறது என்றும் கவனித்தார். அந்தச் செடியின் குடும்பத்திலிருந்து வந்த டிஜாக்சின் மாத்திரை இன்றும் சில இதய நோயாளிகளின் டப்பாவில் இருக்கிறது.

விதரிங்குக்காக இங்கிலாந்து போனேன். ஆனால் இந்தக் கதையின் இன்னொரு பக்கம் எங்கள் ஊரைத் தொட்டுப் போகும் ஜி.என்.டி. ரோட்டிலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம், தடா, அப்படியே வடக்கே போனால் மசூலிப்பட்டினம், கஞ்சம் பக்கம். கம்பெனி காலத்தில் அதற்கு வட சர்க்கார் என்று பெயர். அங்கே முகாமிட்டிருந்த மதராஸ் ராணுவச் சிப்பாய்களுக்குக் கால் மரத்துப் போனது, வீங்கியது, மூச்சிரைத்தது. சிலர் சட்டென்று செத்தார்கள். ஜான் கிராண்ட் மால்கம்சன் என்ற ராணுவ மருத்துவர் இதைப் பற்றி எழுதிய நூல் 1835-ல் சென்னையில் அச்சானது. நோயின் பெயர் பெரிபெரி. ஈரக்காற்று, சதுப்பு நிலம், உஷ்ணம் என்று அந்தக் காலத்தில் காரணங்கள் அடுக்கினார்கள். நிலத்தைப் பார்த்தவர்கள் தட்டைப் பார்க்கவில்லை.

தட்டைப் பார்க்க வைத்ததில் தமிழ்க் கூலிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் தகரச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரியில் விழுந்துகொண்டே இருந்தார்கள். அதே மழை, அதே சேறு, அதே உழைப்பு. ஆனால் தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கு அது வரவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது ஊரிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி. 1905-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஃபிளெட்சர் என்பவர் ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் இன்னொரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி பச்சரிசிப் பிரிவிலேயே பரவியது. கேட்கச் சங்கடமான சோதனை. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவர்களை வைத்து நடந்தது.

பிராடன் சொன்ன காரணம் தவறு. அரிசியில் ஏதோ விஷம் ஏறுகிறது என்று நினைத்தார். உண்மையில் தவிட்டோடு போவது தயமின், அதாவது வைட்டமின் பி1. நெல்லைப் புழுக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அது இல்லாமல் போனால் இதயத் தசைக்குச் சக்தி கிடைப்பதில்லை. இதயம் தளர, கால் வீங்குகிறது. நம் பாட்டிமார் நெல் அவித்தது இதயத்தைக் காப்பாற்ற இல்லை. ஆனால் காப்பாற்றியிருக்கிறது.

*

வீக்கம் ஒரு பாஷை என்றால் வலி இன்னொன்று. 1831-ல் பிரான்சில் பூலே என்ற கால்நடை மருத்துவர் ஒரு வண்டிக் குதிரையைப் பற்றி எழுதினார். கொஞ்ச தூரம் இழுத்ததும் பின்னங்கால் நொண்டும். நிறுத்தினால் சரியாகிவிடும். மறுபடி ஓட்டினால் மறுபடி நொண்டும். குதிரை பிறகு செத்தது. அறுத்துப் பார்த்தபோது பின்னங்காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைத்திருந்தது. 1858-ல் ஷார்கோ என்ற மருத்துவர் இதே நடையை ஒரு மனிதனிடம் பார்த்தார். அவன் குண்டடி பட்ட ஒரு பழைய சிப்பாய்.

இன்றைக்கும் அறிகுறி அதேதான். நடந்தால் ஆடுசதை பிடித்து இழுக்கும். இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடும். வெளிநாட்டில் இதை ஜன்னல் ஷாப்பிங் நோய் என்று கேலியாகச் சொல்வார்கள், ஏனென்றால் நோயாளி ஒவ்வொரு கடை வாசலிலும் எதையோ பார்ப்பது போல நின்று நின்று போவார். கூடவே பாதம் சில்லென்று இருக்கும், காலில் முடி உதிரும், தோல் பளபளக்கும், சின்னப் புண்கூட ஆறாது. கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்ததால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே இருந்தால் தமனி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அது காலோடு நிற்கிற விஷயம் இல்லை. கால் தமனியில் படிந்த கொழுப்பு இதயத் தமனியிலும் மூளைக்குப் போகும் தமனியிலும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சென்னையில் நடந்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், வயது வந்தவர்களில் 100-க்கு 3 பேருக்குச் சற்று அதிகமாக இந்த அடைப்பு இருந்தது. சர்க்கரை உள்ளவர்களிடம் அது 6-க்கும் மேல். பீடி, சிகரெட்டுக்குத் தனிக் கணக்கு. 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்கர் விவரித்த ஒரு நோய், புகையிலைக்காரர்களுக்கு இளம் வயதிலேயே விரல்களைக் கறுக்க வைக்கிறது.

*

சரி, நிற்பது ஒன்றுமே செய்யாதா? அம்மா சொன்னது பொய்யா? இல்லை. அதுதான் இந்தக் கதையில் சிக்கலான இடம்.

1700-ல் இத்தாலியில் மொடேனா நகரத்துப் பேராசிரியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நின்று வேலை செய்கிறவர்களுக்கு அதில் தனி அத்தியாயம் உண்டு. அவர்களுக்குக் காலில் சிரை புடைக்கும், புண் வரும் என்று எழுதினார். மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னதும் அவர்தான்: நீ என்ன வேலை செய்கிறாய்?

நிற்பது ஏன் காலைக் கெடுக்கிறது என்பதற்கான விடை அதற்கு முன்பே கிடைத்திருந்தது. பதுவாவில் ஃபாப்ரிசியஸ் சிரைகளுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருப்பதைக் காட்டினார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628-ல், அந்தக் கதவுகள் இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கும், ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று நிறுவினார். காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவதில் பெரிய பங்கு ஆடுசதைக்கு. நடக்கும்போது அது இறுகி இறுகி ரத்தத்தைப் பிழிந்து ஏற்றும். அசையாமல் நின்றால் அந்தப் பம்ப் ஓடாது. கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறும். நடந்தால் 30-க்கும் கீழே இறங்கும். வருஷக்கணக்காக நின்றால் கதவுகள் தளர்ந்து, ரத்தம் பின்வாங்கி, சிரை சுருண்டு புடைக்கும். கணுக்கால் பக்கம் தோல் பழுப்பாகும். நம் ஊரில் 'நரம்பு சுருட்டிகிச்சு' என்பார்கள். நமக்குச் சிரையும் நரம்புதான்.

சட்டத்துக்கும் இது தெரிந்திருந்தது. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டிய எல்லாத் தொழிலாளர்களும் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து வைக்க வேண்டும் என்றது. அப்பாவின் மில்லில் ஸ்டூல் இருந்தது. ஒன்று. அதில் சூப்பர்வைசர் உட்காருவார். கடைகளுக்கு இந்த உரிமை வர இன்னும் 70 வருஷம் ஆனது. கோழிக்கோட்டில் பெண்கூட்டு என்ற அமைப்பில் சேர்ந்த கடைப் பெண்கள் போராடி, 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடு திருத்தியது. அதே தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்து, பிறகு திரும்பப் பெற்றார்கள். அந்த வாரம் டி.வி. விவாதங்களில் உற்பத்தி, முதலீடு எல்லாம் பேசினார்கள். எனக்கு அந்த 90 மில்லிமீட்டர்தான் நினைவுக்கு வந்தது.

ஆக, நின்றால் கால் வீங்கும் என்பது உண்மை. உண்மையாக இருப்பதுதான் ஆபத்து. தப்பான காரணம் என்றால் என்றைக்காவது ஒருநாள் சந்தேகம் வரும். பாதி சரியான காரணம் சந்தேகத்தை வர விடாது. ராமஸ்ஸினியின் கேள்வி 300 வருஷத்துக்கு முன்னால் மருத்துவர்களின் கண்ணைத் திறந்தது. எங்கள் தெருமுனையில் அதே கேள்வி கண்ணை மூடியது. கேள்வியில் தப்பில்லை. விடை வந்ததும் குனிந்து பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம், அதில்தான் தப்பு. இதில் டாக்டரை மட்டும் சொல்ல மாட்டேன். தினமும் அந்தக் காலைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போனேன்.

*

குனிந்து பார்ப்பதைப் பற்றிப் பேசினால் வேலூரைச் சொல்லாமல் முடியாது. பால் பிராண்ட் 1946-ல் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் போய்ப் பார்த்த பிறகு அந்த நோயாளிகளின் கையிலும் காலிலுமே அவருடைய வேலை போனது. சதை அழுகி விரல் விழுகிறது என்று எல்லோரும் நம்பிய காலம். பிராண்ட் பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னது வேறு: இவர்களுக்கு வலி தெரியவில்லை. முள் குத்தினாலும் செருப்பு உரசினாலும் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கிறார்கள், அதனால்தான் பாதம் போகிறது. மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பரில் அவர்களுக்குச் செருப்புகள் செய்தார்கள். 1966-ல் அமெரிக்கா போன பிராண்ட், இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்கும் கொண்டுபோனார். சர்க்கரை நரம்பையும் மரக்கச் செய்யும், தமனியையும் அடைக்கும். அப்போது நடந்தால் வலிக்கும் என்ற எச்சரிக்கைகூடச் சிலருக்கு வராமல் போகும். வலிக்காத கால் நல்ல கால் என்று நினைப்பவர்களுக்கு வேலூரின் பதில் அது.

சேஃப்டி ஷூ இரும்பு விழுந்தால் விரலைக் காப்பாற்றும். அப்பாவின் விரல்களை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒரு ஷிப்ட் முழுக்கக் காலை மறைத்தும் வைக்கும். அதைக் கழற்றுகிற அந்த ஐந்து நிமிஷம்தான் கால் நம்மிடம் பேசுகிற நேரம்.

*

அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. ஊறுகாய், கருவாடு கிடையாது. காலையில் எழுந்ததும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்காருவார். ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். யாராவது கால் வலி, வீக்கம் என்று வாயெடுத்தால் போதும், ஷூவைக் கழற்றச் சொல்லிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "ஒத்தக் காலா, ரெண்டு காலா?" என்பது அவருடைய முதல் கேள்வி. "படுத்தா மூச்சு வாங்குதா?" இரண்டாவது.

அந்தக் கேள்விகள் டாக்டர்களிடம் கற்றவை. இரண்டு காலும் வீங்கி, குழி விழுந்து, மூச்சும் வாங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்காவிட்டாலும் சிறுநீரகமோ கல்லீரலோ காரணமாக இருக்கலாம். சில பி.பி. மாத்திரைகள்கூடக் காலை வீங்க வைக்கும். ஒரே கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. போன வருஷம் அப்பாவோடு வேலை செய்த ஒருவருக்கு இடது கால் மட்டும் அப்படி வீங்கியிருந்தது. "ஒத்தக் கால்னா காத்திருக்கக் கூடாதுப்பா" என்று அப்பா அன்றைக்கே ஆட்டோ ஏற்றிவிட்டார். உறைகட்டிதான். இப்போது நன்றாக இருக்கிறார்.

போன வாரம் ஒரு பையன். கான்ட்ராக்டில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 22 வயதிருக்கும். இரண்டு காலிலும் சாக்ஸ் தடம் ஆழமாக இருந்தது. அப்பா அழுத்திப் பார்த்தார். லேசான குழி. மூச்சு வாங்கவில்லை, காலையில் வடிந்துவிடுகிறது என்றான்.

"நிக்கறதாலதான் மாமா."

"இருக்கலாம். எதுக்கும் ஒருதரம் டாக்டராண்ட காட்டிடு. அப்புறம், உக்கார ஒரு ஸ்டூல் கேளு."

பையன் சிரித்தான். "ஸ்டூல் கேட்டா நாளைலேந்து வராதேன்னுடுவாங்க மாமா."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவரும் 26 வருஷம் கேட்டதில்லை. பையன் ஷூவை மாட்டிக்கொண்டு போன பிறகு, அந்தச் சட்டப் பிரிவு என்ன நம்பர் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். எடை நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேராக, கிலோ கணக்குக்குப் பக்கத்தில் 44 என்று எழுதி வைத்துக்கொண்டார்.